159-ஆம் தடத்தின் கடைசி ரூட்மாஸ்டர்: ஒரு நிகழ்வு ஆய்வு

லண்டனில் ஐம்பது வருடம் ஓடிய ரூட்மாஸ்டர் என்ற சிவப்பு மாடி பஸ், 2003 ஆகஸ்டுக்கும் 2005 டிசம்பருக்கும் இடையில் வழக்கமான தடங்களிலிருந்து விலக்கப்பட்டது. அந்த முடிவு எப்படி வந்தது, கடைசி நாளில் என்ன நடந்தது, பழைய பஸ் மேல் மக்களுக்கு இருந்த பாசத்தை நிர்வாகம் எப்படிக் கையாண்டது, அதற்குப் பிறகு என்ன ஆயிற்று என்பதை இங்கே பதிவு செய்கிறேன். முடிவெடுத்தவர்களைப் பதவியால் மட்டும் குறிப்பிடுகிறேன். இன்று எந்த ஊரிலாவது ஒரு பழைய பஸ் ரகத்தை நிறுத்தப் போகிறார்கள் என்றால், அந்த டிப்போவில் இருப்பவர்களுக்கும் அந்த பஸ்ஸை நேசிப்பவர்களுக்கும் இது உதவும் என்று நம்புகிறேன்.

பின்னணி

இரண்டாம் உலகப்போரின்போது லண்டன் போக்குவரத்துத் துறையின் தொழிலாளர்கள் ஹாலிஃபாக்ஸ் குண்டுவீச்சு விமானங்களைத் தயாரிக்கும் பணியில் சேர்க்கப்பட்டார்கள். அங்கே கைவந்த அலுமினிய வேலைதான் ரூட்மாஸ்டருக்கு அடித்தளம். பொறியாளர் ஏ.ஏ.எம். டுரண்ட் தலைமையில் பஸ் உருவானது. தோற்றத்தை டக்ளஸ் ஸ்காட் வடிவமைத்தார். முந்தைய ஆர்டி ரக பஸ்ஸில் 56 பேர் உட்காரலாம். ரூட்மாஸ்டரில் 64 பேர் உட்காரலாம், ஆனாலும் எடை ஏறத்தாழ அதே ஏழரை டன்தான். வழக்கமான சேஸி கிடையாது. உடலே பாரத்தைத் தாங்கும், முன்னும் பின்னும் இரண்டு துணைச் சட்டங்கள் மட்டும் இருக்கும். பவர் ஸ்டியரிங், ஹைட்ராலிக் பிரேக், முன்சக்கரங்களுக்குத் தனித்தனி காயில் ஸ்பிரிங், கிளட்ச் மிதிக்கத் தேவையில்லாத கியர் பெட்டி என்று, அந்தக் காலத்தில் பல கார்களிலேயே இல்லாத வசதிகள் இந்த பஸ்ஸில் இருந்தன.

முதல் மாதிரி 1956 பிப்ரவரி 8 அன்று 2-ஆம் தடத்தில் பயணிகளை ஏற்றியது. 1968 வரை மொத்தம் 2,876 பஸ்கள் கட்டப்பட்டன. எஞ்சினும் ஓடும் பாகங்களும் பெரும்பாலும் சவுத்தாலில் இருந்த ஏஇசி ஆலையிலும், உடல் பார்க் ராயல் ஆலையிலும் தயாராயின.

பஸ்ஸின் அமைப்பை ஓரளவு தெரிந்துகொண்டால்தான் பின்னால் நடந்தது புரியும். எஞ்சினுக்குப் பக்கத்தில் ஒரு தனி அறையில் டிரைவர் இருப்பார். பயணிகளோடு அவருக்குப் பேச்சே கிடையாது. பின்மூலையில் கதவில்லாத திறந்த மேடை. ஏறுவதும் இறங்குவதும் அங்கேதான். மாடிப்படிக்குக் கீழே ஒரு ஆள் நிற்குமளவு ஒரு ஒதுக்கிடம் விட்டிருந்தார்கள். ஏறுகிறவர்களுக்குக் குறுக்கே நிற்காமல் கண்டக்டர் ஒதுங்கி நிற்க வேண்டும் என்பதற்காகவே யோசித்து வைத்த இடம் அது. நம்மூரில் விசில் செய்யும் வேலையை அங்கே மணிக்கயிறு செய்தது. ஒருமுறை இழுத்தால் அடுத்த நிறுத்தத்தில் நிற்க வேண்டும், இரண்டு முறை என்றால் கிளம்பலாம், மூன்று முறை என்றால் பஸ் நிரம்பிவிட்டது.

அந்த ஒதுக்கிடத்தில் நின்றவர்களில் பலர் கரீபியத் தீவுகளிலிருந்து வந்தவர்கள். 1956-இல் லண்டன் போக்குவரத்துத் துறை பார்படாஸிலேயே ஆளெடுப்பைத் தொடங்கியிருந்தது. பிறகு தெற்காசியர்களும் வந்தார்கள். ஆக, ரூட்மாஸ்டரின் வரலாறு அந்த நகரத்துக்குக் குடிவந்தவர்களின் வேலை வரலாறும்கூட. கடைசி நாள் செய்திகளில் இந்தப் பக்கம் போதிய அளவு பேசப்படவில்லை என்பது என் வருத்தம்.

ஏன் இவ்வளவு காலம் ஓடியது

சுமார் 17 வருட ஆயுளுக்கென்று வடிவமைக்கப்பட்ட பஸ் இது. நாற்பது வருடத்தைத் தாண்டி ஓடியதற்கு முதல் காரணம் ஆல்டன்ஹாம் பணிமனை. சில வருடங்களுக்கு ஒருமுறை ஒவ்வொரு பஸ்ஸும் அங்கே போகும். உடலைச் சட்டங்களிலிருந்து தனியாகத் தூக்கிவிடுவார்கள். எஞ்சின், கியர் பெட்டி, சட்டம், உடல் எல்லாம் வெவ்வேறு வரிசைகளில் பழுதுபார்க்கப்பட்டு, கடைசியில் அப்போது கையில் தயாராக இருக்கும் உடலும் சட்டமும் சேர்க்கப்பட்டு, ஓர் எண் ஒட்டப்பட்டு வெளியே வரும். அதனால் இன்று ஒரு குறிப்பிட்ட எண்ணுள்ள ரூட்மாஸ்டரைத் தொட்டுப் பார்க்கிறவர் தொடுவது முதலில் அந்த எண்ணோடு பிறந்த உடலாக இருக்க வேண்டும் என்ற அவசியமில்லை. எல்லா பாகங்களும் ஒன்றுக்கொன்று மாற்றிப் பொருத்தும்படி அளவு தவறாமல் செய்யப்பட்டதால்தான் இது முடிந்தது.

இரண்டாவது காரணம் தற்செயலானது. 1985-இல் பிரிட்டனின் பஸ் சேவைகளைக் கட்டுப்பாடில்லாத போட்டிக்குத் திறந்துவிடும் சட்டம் வந்தபோது லண்டனுக்கு மட்டும் விலக்கு கிடைத்தது. நெரிசல் மிகுந்த மையப்பகுதித் தடங்களில் கண்டக்டர் உள்ள பஸ் வேகமாக ஓடியதால் அது அங்கேயே தங்கிவிட்டது.

ஆனால் அடித்தளம் ஏற்கெனவே கரைந்துகொண்டிருந்தது. ஏஇசி ஆலை 1979-இல் மூடப்பட்டது. ரூட்மாஸ்டரை உடைப்பதற்கு அனுப்புவது 1982-இல் தொடங்கியது. ஆல்டன்ஹாம் 1986-இல் மூடப்பட்டது. 1990-களின் தொடக்கத்தில் ரூட்மாஸ்டரின் நீளமான ரகத்துக்குப் புது எஞ்சினும் புது உட்புறமும் போட்டார்கள். அது ஆயுளை நீட்டித்தது, அவ்வளவுதான். 2000-இல் நகரப் போக்குவரத்து புதிய மேயரின் கைக்கு வந்தபோது சுமார் 20 தடங்களில் மட்டும் இந்த பஸ் மிச்சமிருந்தது.

பழைய பஸ்களைப் பற்றி இங்கே ஓர் இணைப்புச் செய்தி. இலங்கைப் போக்குவரத்துச் சபை 1958-இல் தொடங்கிய பிறகு, லண்டனில் ஓய்வுபெற்ற ஆர்டி குடும்பத்து மாடி பஸ்கள் பெருமளவில் கொழும்புக்கு வந்தன. 1980-களின் கடைசியில் சில ரூட்மாஸ்டர்களும் வந்தன. லண்டன் பஸ்ஸின் மேல் பாசம் வைக்க லண்டனில் வாழ்ந்திருக்க வேண்டியதில்லை. கொழும்பில் அந்த மாடியின் முன்வரிசைக்கு ஓடி இடம்பிடித்த தமிழ்ப் பிள்ளைகளும் இருந்தார்கள்.

கவனித்தவை

முடிவு எடுக்கப்பட்ட காலத்தில் இரண்டு உண்மைகள் ஒரே நேரத்தில் கண்முன் இருந்தன. இரண்டில் ஒன்றை மட்டும் பேசுவது நேர்மையாகாது.

ஒன்று, இந்த பஸ் வேகமானது. நிறுத்தத்தில் கூட்டம் ஏறி முடித்ததும் மணி அடிக்கும், பஸ் நகரும். டிக்கெட் வேலையெல்லாம் ஓட்டத்தில் நடக்கும். சிக்னலில் நின்றால் அங்கேயே இறங்கிக்கொள்ளலாம், ஏறிக்கொள்ளலாம். பஸ்ஸுக்குள் ஒரு பொறுப்பான மனிதர் நடமாடிக்கொண்டே இருப்பார். கைக்குழந்தையோடு வருகிறவருக்குக் கை கொடுப்பார், வழி தெரியாதவருக்கு இறங்க வேண்டிய இடத்தைச் சொல்வார், இரவு நேரத்தில் தனியாகப் போகிற பெண்ணுக்கு அவர் இருப்பதே தைரியம். ரூட்மாஸ்டர் மேல் பாசம் உள்ளவர்களிடம் காரணம் கேட்டால் பர்கண்டி நிற உள்சுவரையும் கட்டம்போட்ட இருக்கைத் துணியையும் சொல்வார்கள். கொஞ்சம் பேசவிட்டால் பேச்சு கண்டக்டரிடம் போய்ச் சேரும்.

இரண்டு, சக்கர நாற்காலியில் இருப்பவர் இந்த பஸ்ஸில் ஏறவே முடியாது. உயரமான படி, நடுவில் ஒரு கம்பம், குறுகிய நடைபாதை. முதியவர்களுக்கும் சிரமம். ஓடும் பஸ்ஸிலிருந்து இறங்கி விழுந்தவர்களும் உண்டு. 1990-களில் மாற்றுத்திறனாளிகள் லண்டன் சாலைகளில் பஸ்களோடு தங்களைச் சங்கிலியால் பிணைத்துக்கொண்டு போராடினார்கள். 1995-இல் மாற்றுத்திறனாளிகளுக்கு எதிரான பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் வந்தது. அதன் கீழ் 2000-இல் வந்த விதிகள், எல்லா மாடி பஸ்களும் 2017 தொடக்கத்துக்குள் சக்கர நாற்காலி ஏறும்படி இருக்க வேண்டும் என்றன. இந்த பஸ்ஸை எவ்வளவு நேசித்தாலும், நாற்பது வருடமாக அது கண்முன்னால் நிற்காமல் போனதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களின் நியாயம் பெரியது.

எடுத்த முடிவும் காரணங்களும்

முதலில் நிர்வாகம் ரூட்மாஸ்டரைக் காப்பாற்றும் பக்கம்தான் சாய்ந்தது. புதிய மேயர் ஆதரவாகப் பேசினார். தனியார் கையில் போயிருந்த சில ரூட்மாஸ்டர்களைத் திரும்ப வாங்கி, புது எஞ்சின் போட்டு மறுபடி ஓடவிட்டார்கள். மூன்றே வருடத்தில் நிலைமை தலைகீழானது.

தாழ்தளப் பேருந்துகளை நகரம் முழுக்கக் கொண்டுவரும் திட்டம் ஒரு காரணம். கண்டக்டர் சம்பளம் இன்னொன்று. மூன்றாவதைப் பலர் கவனிப்பதில்லை. எனக்கு அதுதான் தீர்மானமான காரணமாகப் படுகிறது. 2003-இல் கருவியில் தொட்டுக் கட்டணம் செலுத்தும் ஆய்ஸ்டர் அட்டை வந்தது. அதே வருடம் ஆகஸ்டில் மையப்பகுதியில் பஸ் ஏறும் முன்பே டிக்கெட் வாங்க வேண்டும் என்ற விதியும் வந்தது. கண்டக்டர் இல்லாத பஸ்களில் டிரைவரிடம் சில்லறை கொடுத்து வாங்கும் தாமதம் போய்விட்டதால், கண்டக்டர் இருந்தால் பஸ் சீக்கிரம் கிளம்பும் என்ற கணக்கு வலுவிழந்தது. முதல் பெரிய விலக்கலும் அதே ஆகஸ்டில்தான் நடந்தது. 29-ஆம் தேதி 15-ஆம் தடத்திலிருந்து ரூட்மாஸ்டர் போனது.

அதிலிருந்து வரிசையாக விழுந்தன. 2004 செப்டம்பரில் 9-ம் 73-ம், நவம்பரில் 12, 2005 ஜனவரியில் 36, ஏப்ரலில் 19, ஜூலையில் 14-ம் 22-ம், அக்டோபரில் 13-ம் 38-ம். சில தடங்களில் புது மாடி பஸ் வந்தது. 12, 38, 73 ஆகியவற்றில் 18 மீட்டர் நீளமுள்ள இணைப்பு பஸ்கள் வந்தன. அவற்றில் மூன்று கதவுகளிலும் ஏறலாம், கண்டக்டர் கிடையாது. டிக்கெட் எடுக்காமல் ஏறுவது சுலபம் என்பது ஊருக்கே சீக்கிரம் தெரிந்துவிட்டது.

பாசத்துக்கு என்ன பதில் சொல்வது என்ற கேள்விக்கு நிர்வாகம் கண்ட வழி பாரம்பரியத் தடம். 2005 நவம்பர் 14 முதல் 9, 15 ஆகிய இரண்டு தடங்களின் ஒரு பகுதியில் மட்டும், பகல் நேரத்தில் மட்டும், கால் மணிக்கு ஒரு ரூட்மாஸ்டர் ஓடும். 9-இல் ராயல் ஆல்பர்ட் ஹாலிலிருந்து ஆல்ட்விச் வரை, 15-இல் ட்ரஃபால்கர் சதுக்கத்திலிருந்து டவர் ஹில் வரை. கண்டக்டரும் உண்டு, கட்டணமும் வழக்கமான கட்டணம்தான். அதே பாதையில் சாதாரண தாழ்தள பஸ்ஸும் ஓடும் என்பதால் சக்கர நாற்காலிக்காரர் யாரும் விடுபடவில்லை. இந்தக் கடைசி அம்சத்தை நான் மனமாரப் பாராட்டுகிறேன்.

கடைசி நாட்கள்

ஒவ்வொரு தடம் முடியும்போதும் கூட்டம் கூடியது. 2004 ஜூலையில், முதல் மாதிரி 1954-இல் உருவானதன் ஐம்பதாவது ஆண்டையொட்டி ஃபின்ஸ்பரி பூங்காவில் பெரிய கூடுகை நடந்தது. தனியார் பராமரித்த பஸ்கள் எங்கெங்கிருந்தோ ஓட்டிக்கொண்டு வரப்பட்டன. ஆக, நேசிப்பவர்கள் கடைசி நிமிடத்தில்தான் விழித்தார்கள் என்று சொல்லிவிட முடியாது.

கடைசியாக மிஞ்சியது 159. மார்பிள் ஆர்ச்சில் தொடங்கி ஆக்ஸ்ஃபோர்டு சர்க்கஸ், ட்ரஃபால்கர் சதுக்கம், வெஸ்ட்மின்ஸ்டர் பாலம் வழியாக பிரிக்ஸ்டன் தாண்டி ஸ்ட்ரெத்தம் போகும் தடம். நகரத்தின் பளபளப்பான மையத்தையும் தெற்கே உழைக்கும் மக்கள் வாழும் பகுதிகளையும் ஒரே டிக்கெட்டில் இணைத்தது. முடிவுநாள் 2005 டிசம்பர் 9, வெள்ளிக்கிழமை. நடுப்பகல் நேரம் தேர்ந்தெடுக்கப்பட்டது. இரவில் கடைசி பஸ் என்றால் கூட்டத்தைக் கட்டுப்படுத்துவது கஷ்டம், அதனால் பகலிலேயே முடித்தது சரியான ஏற்பாடுதான்.

கடைசி பஸ்ஸின் எண் ஆர்எம் 2217. சாதாரண நீள ரூட்மாஸ்டர்களில் எண் வரிசையில் கடைசியும் அதுவேதான். வழிநெடுகிலும் மக்கள் நின்றார்கள். வயதானவர்கள், வேலையை விட்டுவிட்டு வந்தவர்கள், பிள்ளைகளைத் தோளில் வைத்திருந்தவர்கள், கேமராவோடு வந்தவர்கள். பிரிக்ஸ்டன் டிப்போவை நெருங்கியபோது சாலையே மனிதர்களால் அடைபட்டது. கூட்டத்தை விலக்கி வழிவிடச் செய்த பிறகு, பிற்பகல் இரண்டு மணியையொட்டி பஸ் டிப்போவுக்குள் போனது. பலர் அழுதார்கள்.

அந்த அழுகையைக் கேலி செய்து அப்போதே எழுதியவர்கள் உண்டு. எனக்கு அதில் கேலி செய்ய எதுவும் தெரியவில்லை. ஒரு மனிதர் தினமும் காலையில் கைப்பிடித்து ஏறிய கம்பம் அது. அப்பாவோடு போனது அதே பஸ்ஸில், மகளைப் பள்ளிக்குக் கூட்டிப்போனதும் அதே பஸ்ஸில். மூன்று தலைமுறை கைபட்ட ஒரு பொதுப்பொருள் ஒரு நகரத்தில் வேறு எத்தனை இருக்கும்?

பின் நடந்தவை

ஒன்று, எல்லோருக்குமான பஸ் என்ற நோக்கம் நிறைவேறியது. ரூட்மாஸ்டர் போனதோடு லண்டனின் வழக்கமான சேவை முழுக்கத் தாழ்தளமாகிவிட்டது. சட்டம் கொடுத்த கெடுவுக்குப் பத்து வருடத்துக்கும் மேல் முன்னதாக.

இரண்டு, பாரம்பரியத் தடங்கள் மெல்ல மெலிந்தன. 9-ஆம் தடத்தின் பாரம்பரிய சேவை 2014 ஜூலையில் நின்றது. ஆள் குறைவு, செலவு அதிகம் என்று காரணம் சொன்னார்கள். 15-இல் ஓடியது 2019-இல் வார இறுதிக்கும் விடுமுறை நாட்களுக்கும் சுருங்கியது. 2020-இல் தொற்றுக்காலத்தில் நின்றது, திரும்ப வரவில்லை. இதில் வியப்பு இல்லை. அலுவலகம் போகிறவர் ஒருவர் 15-ஆம் தடத்தில் ட்ரஃபால்கர் சதுக்கத்தில் நிற்கிறார் என்று வையுங்கள். முதலில் வரும் சாதாரண பஸ் டவர் ஹில்லைத் தாண்டியும் போகும், காலையிலும் இரவிலும் ஓடும். பழைய பஸ்ஸுக்காகக் காத்திருக்க அவருக்குக் காரணமே இல்லை. ஆக, ஏறுகிறவர்கள் சுற்றுலாப் பயணிகள் மட்டுமே என்றானது. சுற்றுலா பஸ் என்றால் அதற்கு நகர மக்களின் வரிப்பணம் எதற்கு என்ற கேள்வி அடுத்து வந்தே தீரும். மக்கள் நேசித்தது தினசரி வேலைக்கு உதவும் ஒரு சேவையை. அவர்களுக்குத் திரும்பக் கிடைத்தது அதன் வண்டி மட்டும்.

மூன்று, அரசியல். இணைப்பு பஸ்கள் மேல் இருந்த எரிச்சல் 2008 மேயர் தேர்தலில் பெரிய பேச்சானது. வென்றவர் அவற்றை நீக்குவதாகவும், பின்பக்கத் திறந்த மேடையோடு புது ரூட்மாஸ்டர் கொண்டுவருவதாகவும் வாக்குக் கொடுத்திருந்தார். இணைப்பு பஸ்கள் 2011 டிசம்பரில் முற்றாகப் போயின. புது ரூட்மாஸ்டர் 2012 பிப்ரவரி 27 அன்று 38-ஆம் தடத்தில் ஓடத் தொடங்கியது. தாழ்தளம், மூன்று கதவு, இரண்டு மாடிப்படி. பின்மேடையில் ஒருவர் நின்றார், ஆனால் டிக்கெட் கொடுப்பதோ சோதிப்பதோ அவர் வேலையில்லை. செலவைக் காரணம் காட்டி 2016 செப்டம்பரோடு அவரையும் எடுத்துவிட்டார்கள். ஆள் இல்லாததால் திறந்த மேடையும் மூடிய கதவானது. 2020-இல், டிக்கெட் இல்லாமல் ஏறுவதைத் தடுக்க, முன்கதவு வழியாக மட்டுமே ஏற வேண்டும் என்றார்கள். இப்படியாக, சக்கர நாற்காலிக்கும் இடமுள்ள, கண்டக்டரும் உள்ள ஒரு பஸ் சாத்தியம்தான் என்று சில வருடம் நிரூபித்துக் காட்டிய நகரமே அதைக் கைவிட்டது. இந்த நிகழ்விலேயே எனக்கு மிகுந்த வருத்தம் தரும் இடம் இதுதான்.

நான்காவது, தனியார் கைகளில் பஸ் பிழைத்தது. ஆயிரத்துக்கும் மேல் ரூட்மாஸ்டர்கள் இன்னும் இருக்கின்றன. திருமணத்துக்கு வாடகைக்குப் போகின்றன, கண்காட்சிகளுக்கு வருகின்றன. எனக்குப் பிடித்த உதாரணம் வில்ட்ஷயரில் உள்ள இம்பர். 1943-இல் ராணுவப் பயிற்சிக்காக மக்களை வெளியேற்றிவிட்ட கிராமம் அது. 2009 முதல், வருடத்தில் ஒருநாள், வார்மின்ஸ்டர் ஊரிலிருந்து அந்த ஆளில்லாக் கிராமத்துக்குப் பழைய ரூட்மாஸ்டர்களை நேர அட்டவணை போட்டு ஓட்டுகிறார்கள். டிக்கெட் வாங்கலாம், கண்டக்டர் இருப்பார், வரும் பணம் அறக்கொடைக்குப் போகும். மற்ற நாட்களில் பொதுமக்கள் பெரும்பாலும் போக முடியாத ஊருக்கு அந்த பஸ் மனிதர்களைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. அதனால்தான் கூட்டம் வருகிறது.

மறுபடி செய்தால் எதை மாற்றலாம்

விலக்கும் முடிவை மாற்றச் சொல்லமாட்டேன். ஏற முடியாதவர்கள் இருக்கும்வரை அந்த பஸ்ஸை முழுநேரத் தடத்தில் வைத்திருக்க நியாயம் இல்லை. மாற்ற வேண்டியது, வண்டியையும் கண்டக்டரையும் ஒரே கையெழுத்தில் நீக்கியதை. இரண்டையும் தனித்தனிக் கேள்விகளாக வைத்து, பயணிகளிடம் தனித்தனியாகக் கேட்டிருக்க வேண்டும். சில நெரிசல் தடங்களிலாவது தாழ்தள பஸ்ஸில் கண்டக்டரை வைத்து ஒரு வருடம் ஓட்டிப் பார்த்திருந்தால், 2012-இல் பெரும் செலவில் செய்த பரிசோதனை முன்பே குறைந்த செலவில் முடிந்திருக்கும்.

பாரம்பரியத் தடத்தை வேறு பஸ் போகாத இணைப்பில் விட்டிருக்கலாம், ஞாயிறு மட்டும் என்றாலும் சரி. துணைக்கு ஒரு தாழ்தள பஸ் கட்டாயம் வேண்டும். ஏற்கெனவே ஓடும் தடத்தின் நிழலாக விட்டால் எந்த ஊரிலும் முடிவு இதுதான் ஆகும்.

பணிமனை அறிவு இன்னொன்று. ஆல்டன்ஹாமில் வேலை பார்த்தவர்களின் கைப்பழக்கம் 1986-க்குப் பிறகு சிதறிப்போனது. இன்று ஆர்வலர்கள் பாகங்களைப் புதிதாகச் செய்துகொள்கிறார்கள், பாராட்ட வேண்டியதுதான். ஆனாலும் ஒரு ரகத்தை நிறுத்தும் தேதியை அறிவிக்கும் அன்றே, அதன் மெக்கானிக்குகளையும் டிரைவர்களையும் கண்டக்டர்களையும் உட்கார வைத்துப் பதிவு செய்யும் வேலையும் தொடங்கிவிட வேண்டும். வரைபடங்களை அருங்காட்சியகம் பத்திரப்படுத்தும். சரியும் மேடையில் நின்றபடி ஒரு கையால் சில்லறை எண்ணி, மறுகையால் கயிற்றை இழுத்து, ஏறுகிற கிழவிக்கு முழங்கையை நீட்டியவர் அதையெல்லாம் எப்படிச் செய்தார் என்பதை அவரிடம்தான் கேட்க வேண்டும். 2005-இல் வேலை இழந்த கண்டக்டர்களில் பலர் டிரைவர் வேலைக்கு மாறினார்கள், சிலர் வேறு வேலைக்குப் போனார்கள், வயதானவர்கள் ஓய்வு பெற்றார்கள். அவர்களில் பலர் இன்னும் இருக்கிறார்கள், கேட்க நேரமிருக்கிறது.